அசைந்தவை மட்டும்

"ஒரு மனுசனுக்கு ஒரு போட்டோ கூடவா இருக்காது?" என்று சித்தப்பா முன்னறையிலிருந்து மறுபடியும் கேட்டார்.

அவள் அலமாரியின் கடைசி இழுப்பறையைத் தரையில் கவிழ்த்தாள். மின்கட்டண ரசீதுகள், கை ஒடிந்த மூக்குக்கண்ணாடி, ரேடியோவின் பின்மூடி, எதற்கென்றே தெரியாத சாவிகள் விழுந்தன. அப்பா மட்டும் விழவில்லை. பழைய படங்கள் எல்லாம் முன்பிருந்த வாடகை வீட்டில் தண்ணீர் புகுந்தபோது போயின. அதற்குப் பிறகு அவர் தன்னை யாரும் படமெடுக்க விட்டதில்லை. மிச்சம் இருந்தது சோப்பு ஆலையின் அடையாள அட்டை ஒன்றுதான். அதில் வியர்வையும் வெயிலும் சேர்ந்து முகத்தைத் தின்றுவிட்டு இரண்டு காதுகளை மட்டும் விட்டுவைத்திருந்தன.

அப்பா நேற்று ஆஸ்பத்திரியில் இறந்தார். இன்று சாயந்திரம் அஞ்சலிக் கூடத்தில் எல்லோரும் வந்து பார்த்த பிறகு எடுத்துப் போவார்கள். பெட்டிக்குப் பக்கத்தில் வைக்கப் பெரிய படம் ஒன்று வேண்டும் என்று கூடத்துக்காரர் காலையிலிருந்து போன் மேல் போன் போட்டுக்கொண்டிருந்தார்.

சித்தப்பா உட்கார்ந்திருந்தது அப்பாவின் நாற்காலியில். அந்த வீட்டில் கைப்பிடி வைத்த நாற்காலி அது ஒன்றுதான். விடிந்ததும் வந்து இறங்கியவர் யாரும் கேட்காமலே காரியக்காரர் ஆகிவிட்டார். வண்டிக்கு அவர்தான், பூவுக்கு அவர்தான், வருகிறவர்களிடம் கடைசி நிமிடம் எப்படிப் போனது என்று விவரிக்கவும் அவர்தான். அந்தக் கடைசி நிமிடத்தில் அவர் ஆஸ்பத்திரிப் பக்கமே வரவில்லை. கல்யாண வீட்டில் மாப்பிள்ளையாகவும் சாவு வீட்டில் பிணமாகவும் இருக்க ஆசைப்படுகிறவர்கள் என்று ஒரு ரகம் உண்டே, அந்த ரகம்.

அம்மா தையல் மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்து, அப்பாவுக்குப் போட்டு அனுப்ப எடுத்துவைத்த சட்டையில் அறுந்துபோன பொத்தானைத் தைத்துக்கொண்டிருந்தாள்.

"அட, நம்ம தொப்பு படம் இருக்கே!" என்றார் சித்தப்பா. சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டார். "தப்பா எடுத்துக்காதீங்க அண்ணி. விழறதுக்கு முன்னாடி அண்ணன் அதுல எவ்ளோ அழகா சிரிச்சுக்கிட்டு நிப்பாரு! அந்த ஒரு சிரிப்ப மட்டும் தனியா எடுத்தா போதாதா? ஏம்மா, நீதான் கம்ப்யூட்டர்ல படம் பண்றவளாச்சே, உன்னால முடியாதா?"

அவளுடைய போன் சிணுங்கியது. அதற்குள் அனுப்பிவிட்டார். சுற்றிச் சுற்றி ஓடும் அந்தத் துண்டுப்படத்தை, அந்த ஜிஃபைத் தேட வேண்டிய அவசியம் அவருக்கு இருந்ததே இல்லை. எப்போதும் அவர் கைக்கெட்டும் இடத்தில்தான் அது இருந்தது.

அவள் அதைத் திறந்தாள். அப்பா சிரித்தார், உட்காரக் குனிந்தார், விழுந்தார், இரண்டு கால்களும் மேலே போயின. சிரித்தார், குனிந்தார், விழுந்தார். அவளுடைய பள்ளிக்கூட நாட்களிலிருந்து விழுந்துகொண்டிருக்கிறார்.

ஆலையின் ஆண்டுவிழா அது. அப்பாவை ஷிஃப்ட் இன்சார்ஜ் ஆக்கப்போவதாக மேடையில் அறிவித்தார்கள். மேலாளர் கை குலுக்கினார். அப்பா எல்லோரையும் பார்த்துச் சிரித்துவிட்டு இரண்டடி பின்னால் வந்து நாற்காலியில் உட்காரப் போனார். நாற்காலி இல்லை. தொப்பென்று விழுந்தார். ஆலையே எழுந்து நின்று சிரித்தது. யாரோ ஒரு புண்ணியவான் போனில் எடுத்ததை வெட்டி ஜிஃப் ஆக்கினான். பிறகு அது ஊர் ஊராகப் போயிற்று. பையன் பரீட்சையில் தோற்றால் அதை அனுப்பினார்கள், விளையாட்டில் தோற்றால் அனுப்பினார்கள், ஆட்சி கவிழ்ந்தால் அனுப்பினார்கள். அப்பா விழுந்தது ஒரே ஒரு தடவை. ஜிஃப் அவரை எழவே விடவில்லை. தெருவில் அவர் பெயர் தொப்பு என்றாயிற்று. சோப்புக்காரர் தொப்பு.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. மேடை ஏறுவதற்கு முன்பே ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார் என்று ஒரு பேச்சு கிளம்பியது. அப்பா இளவயதில் குடித்தவர், அவள் பிறந்தபோது விட்டவர். விட்டதை யார் நினைவில் வைத்துக்கொள்கிறார்கள்? மேடையிலேயே நிலைகொள்ளாத ஆளைக் கொதிக்கிற கொப்பரைகளுக்குக் காவல் வைக்க முடியாது என்று மேலாளர் அறிவித்ததைத் திரும்பப் பெற்றார். அந்த வேலை அதே ஆலையில் இருந்த சித்தப்பாவுக்குப் போயிற்று.

அப்பா ஒரே வாக்கியத்தைத்தான் சொன்னார். "நாற்காலி இருந்துச்சு. நான் பாத்துட்டுத்தான் உக்காந்தேன்." மேலாளரிடம் சொன்னார், கூட வேலை பார்த்தவர்களிடம் சொன்னார், அம்மாவிடம் சொன்னார். அம்மா நம்பவில்லை. "குடிச்சா குடிச்சேன்னு ஒத்துக்கங்க. நாற்காலி மேல ஏன் பழி போடறீங்க?" என்று ஒரு நாள் சோற்றுத் தட்டுக்கு எதிரில் வைத்துக் கேட்டுவிட்டாள். அதற்குப் பிறகு அவர் அந்த வாக்கியத்தைச் சொல்லவே இல்லை.

ஆனால் ஒரு பழக்கம் வந்துவிட்டது. எங்கே உட்காரப் போனாலும் அவருடைய வலது கை பின்னால் போய் நாற்காலியைத் தொட்டுப் பார்க்கும். பேருந்தில், முடிவெட்டும் கடையில், சொந்த வீட்டில் இதே கைப்பிடி நாற்காலியில்கூட. ஆஸ்பத்திரியில் நர்ஸ் அவரைத் தூக்கி உட்காரவைத்தபோதும் அந்தக் கை மெத்தையின் விளிம்பைத் தேடியது. "இருக்குப்பா, கட்டில் இருக்கு" என்று அவள்தான் அதைப் பிடித்து விளிம்பில் வைத்தாள்.

அவள் உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு மடிக்கணினியைத் திறந்தாள். அவள் வேலை பார்ப்பது ஓர் அச்சகத்தில். ஷாம்புப் புட்டிகளுக்கும் ஊறுகாய்ப் புட்டிகளுக்கும் லேபிள் செய்கிற வேலை. நிற்கிற படங்களோடுதான் அவள் பிழைப்பு, ஓடுகிற படங்களை அவள் அதிகம் தொட்டதில்லை. முதலில் போனிலேயே சட்டென்று நிறுத்திப் பிடிக்கப் பார்த்தாள். எத்தனை தடவை அழுத்தினாலும் அகப்பட்டது அப்பாவின் கால்தான். ஜிஃபைக் கொடுத்தால் உள்ளே இருக்கிற படங்களை ஒவ்வொன்றாகப் பிரித்துத் தரும் மென்பொருள் ஒன்று அச்சகத்தார் கொடுத்த அந்தக் கணினியில் இருந்தது. அதில் போட்டாள். ஒரு மூச்சில் படங்கள் வரிசையாக வந்து கொட்டின.

முதல் படம் முழுசாக இருந்தது. திரைச்சீலை, பூத்தொட்டி, மேடையில் உட்கார்ந்திருந்தவர்கள், நடுவில் அப்பா. ஆனால் கண்ணை மூடியிருந்தார். செத்தவருக்குக் கண் மூடிய படமா வைப்பது? அடுத்ததைத் திறந்தாள்.

அடுத்ததில் மேடை இல்லை. திரைச்சீலை இல்லை, ஆட்கள் இல்லை. வெள்ளையில் அப்பாவின் பாதி முகமும் ஒரு தோளும் சட்டைக் கிழிசல் போல ஒரு துண்டும் மிதந்தன. அடுத்ததும் அப்படியே. எலி கடித்த படங்கள். கோப்பு கெட்டுவிட்டதோ என்று பயந்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. 'முழுப் படமாக எடு' என்ற கட்டத்தில் குறி போட மறந்துவிட்டாள்.

ஜிஃப் ஒரு கஞ்சன். வரைந்ததையே இரண்டாம் தடவை வரையாது. முதல் படத்தில் எல்லாவற்றையும் வைத்துக்கொண்டு, அப்புறம் வருகிற ஒவ்வொன்றிலும் அசைந்ததை மட்டும் சேர்த்துவைக்கும். அசையாத இடத்தில் ஓட்டை விட்டுவிடும், அந்த ஓட்டை வழியாக முந்தைய படம் தெரியும். ஓடும்போது யாருக்கும் வித்தியாசம் தெரியாது. தனியாகப் பிரித்தால்தான் குட்டு வெளிப்படும்.

குறி போட்டு மறுபடி எடுத்தால் தீர்ந்தது. அதற்காகக் கையைக் கொண்டுபோனவள் அப்படியே நின்றாள்.

எல்லாம் அழிந்த அந்த வெள்ளையில் அப்பாவின் துண்டுகள் நடுவில் இருந்தன. அது சரி, அசைந்தது அவர்தான். ஆனால் அவருக்குப் பின்னால், தள்ளி, ஓரமாக இன்னொரு துண்டு இருந்தது. மேடையில் இருந்தவர்கள் பொம்மை மாதிரி உட்கார்ந்திருந்தார்கள், அவர்கள் வரவில்லை. திரைச்சீலை வரவில்லை. இது மட்டும் ஏன் வந்தது?

பெரிதாக்கினாள். ஒரு நாற்காலியின் முதுகு. அதன் மேல் ஒரு கை.

அடுத்த படத்தில் நாற்காலி இன்னும் கொஞ்சம் பின்னால் இருந்தது. அதற்கடுத்ததில் இன்னும் பின்னால். அப்புறம் கை இல்லை. அப்புறம் அப்பா காற்றில் இருந்தார்.

அவள் ஜிஃபை மறுபடி ஓடவிட்டாள். இப்போது தெரிந்தது. ஒவ்வொரு சுற்றிலும் அந்தக் கை வந்து நாற்காலியை இழுத்துவிட்டுப் போனது. இத்தனை வருடம், இத்தனை போன்களில், இத்தனை பேர் கண்ணெதிரில் அது இழுத்துக்கொண்டேதான் இருந்திருக்கிறது. விழுகிறவனை வேடிக்கை பார்க்கிற கண்ணுக்கு வேறெதுவும் தெரிவதில்லை.

"ம்மா, கொஞ்சம் இங்க வா."

அம்மா ஊசியும் நூலுமாகவே வந்தாள். கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டு திரைக்குப் பக்கத்தில் குனிந்தாள். அம்மாவுக்கு அவள் ஒவ்வொரு படமாகக் காட்டினாள்.

நாற்காலியைப் பிடித்த கை நீலக்கோடு போட்ட சட்டைக்குள்ளிருந்து வந்திருந்தது. அப்பா போட்டிருந்ததும் அதே நீலக்கோடு. ஆனால் இந்தச் சட்டையின் கை முடிகிற இடத்தில், மணிக்கட்டைச் சுற்றி, காப்பிக் கலரில் ஒரு பட்டை தெரிந்தது.

அம்மா வெகுநேரம் பார்த்தாள்.

"இந்த கஃப் நான் தச்சது" என்றாள்.

"யாருக்கும்மா?"

"விழாவுக்குன்னு அண்ணன் தம்பி ரெண்டு பேருக்கும் ஒரே துணியில சட்ட தச்சேன். உங்க சித்தப்பாவுக்குக் கை நீளம். துணி பத்தல. வலது கை கஃபுக்கு மட்டும் உங்கப்பாவோட பழைய பேண்ட்ட வெட்டி வெச்சேன். புது ஃபேஷனா இருக்கு அண்ணின்னு சொல்லிட்டுப் போட்டுக்கிட்டுப் போனான்."

"கெடச்சுதாம்மா?" என்று முன்னறையிலிருந்து சித்தப்பாவின் குரல் வந்தது. "நல்ல சிரிப்பாப் பாத்து எடு!"

அம்மா திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "அவரு சொன்னாரு" என்றாள். "பாத்துட்டுத்தான் உக்காந்தேன்னு எங்கிட்ட சொன்னாரு. நான்தான்..."

அவளுக்கு எழுந்துபோய் அந்தக் கைப்பிடி நாற்காலியைச் சித்தப்பாவுக்கு அடியிலிருந்து உருவிவிட வேண்டும் என்று கை துடித்தது. எழுந்தும்விட்டாள். அம்மா அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். துணி வெட்டி வெட்டிக் காய்த்துப்போன பிடி.

"வேணாம்."

"இன்னும் என்னம்மா வேணாம்? அவனைப் போயி..."

"வீட்டுக்குள்ள வெச்சுக் கேட்டா வீட்டுக்குள்ளயே இல்லேன்னுடுவான்" என்றாள் அம்மா. குரல் உயரவே இல்லை. "உங்கப்பா விழுந்தது நாலு பேரு முன்னாடி."

அவள் அம்மாவைப் பார்த்தாள். பிறகு உட்கார்ந்தாள். கட்டத்தில் குறி போட்டு மறுபடி பிரித்தாள். இந்தத் தடவை மேடையும் திரைச்சீலையும் ஆட்களும் எல்லாப் படத்திலும் ஒழுங்காக வந்து சேர்ந்துகொண்டார்கள். அவர்களுக்கு நடுவே வேண்டியதைத் தேடி எடுத்தாள். அப்பா கண்ணைத் திறந்து, பல் தெரியச் சிரித்து, உட்காருவதற்காக லேசாகக் குனிந்திருந்தார். இருக்கிறது என்ற நிச்சயம் முகத்தில் இருந்தது. அவருக்குப் பின்னால் நாற்காலி ஒரு முழம் தள்ளிப் போயிருந்தது. அதன் முதுகில் காப்பிக் கலர் கஃப்.

முன்னறைக்கு வந்தபோது அவள் முகத்தைச் சரிசெய்துவிட்டிருந்தாள்.

"கெடச்சுது சித்தப்பா. உங்க புண்ணியத்துல."

"நான் சொன்னேன்ல!" என்று அவர் தொடையைத் தட்டினார். "எங்க, காட்டு."

"பிரிண்ட் போட்டு வரட்டும். பெரிசாப் பாத்தாத்தான் நல்லாருக்கும்."

நுணலும் தன் வாயால் கெடும் என்று படித்தது அப்போது அவள் நினைவுக்கு வந்தது. பள்ளிக்கூடத்தில் படித்ததில் ஒன்றாவது உபயோகப்பட்டது.

போட்டோக் கடைக்காரர் படத்தைத் திரையில் வைத்துக்கொண்டு உதட்டைப் பிதுக்கினார். "ஜிஃப்ல இருந்து எடுத்ததாம்மா? கலர் கம்மியாத்தானே இருக்கும் இதுல. இழுத்துப் பெரிசாக்கினா புள்ளி புள்ளியாத் தெரியும். முகத்த மட்டும் வெட்டி எடுத்துக்குவோம். ஓரத்துல யாரோட கையோ வேற வந்திருக்கு."

"கை இருக்கணும்."

"அதில்லம்மா, சாவுக்கு வைக்கிற படம்..."

"கை தெளிவாத் தெரியணும். முகத்துக்கு எவ்ளோ மெனக்கெடுவீங்களோ அவ்ளோ அந்தக் கைக்கும் மெனக்கெடுங்க."

அவர் அப்போதுதான் படத்தை ஒழுங்காகப் பார்த்தார். முகம் மாறியது. "இவரு... அந்த..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். அவருடைய போனிலும் அப்பா எங்கேயோ விழுந்துகொண்டிருப்பார் என்று அவளுக்குத் தெரிந்தது. கடைக்காரர் நாற்காலி மேல் இருந்த கையைப் புள்ளி புள்ளியாகத் துடைத்துத் தெளியவைத்தார்.

"எந்த சைஸ்மா?"

"உங்ககிட்ட இருக்கறதுலயே பெரிசு."

கூடத்தில் பெட்டிக்குத் தலைமாட்டில் படத்தை நிறுத்திவிட்டு அம்மா அதன் மேல் ஒரு வெள்ளைத் துணியைப் போட்டாள். எல்லோரும் வந்த பிறகு எடுத்துக்கொள்ளலாம் என்று கூடத்துக்காரரிடம் சொன்னாள். ஆலைக்காரர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். பெட்டியைப் பார்த்துக் குனிந்தபோது ஓரிருவர் உதட்டைக் கடித்துக்கொண்டதை அவள் கவனித்தாள். அழுகையை அடக்குகிற கடி வேறு, சிரிப்பை அடக்குகிற கடி வேறு. அவளுக்கு இரண்டும் தெரியும். நல்லா வந்து உக்காருங்க, எல்லாரும் வாங்க, என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள்.

சித்தப்பா வாசலில் நின்று வரவேற்றுக்கொண்டிருந்தார். பழைய மேலாளர் தடி ஊன்றி வந்ததும் அவரைக் கைத்தாங்கலாக உள்ளே அழைத்து வந்தார். பெட்டிக்கு முன்னால் அவர்கள் வந்து நின்றபோது அம்மா துணியை எடுத்தாள்.

சித்தப்பா அப்போது யாருக்கோ கையசைத்துக்கொண்டிருந்தார். பார்க்கவில்லை.

"நல்ல சிரிப்பு" என்றார் மேலாளர். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு கிட்டே போனார். "இது... அன்னிக்கு மேடையில எடுத்ததா?"

"ஆமா சார்" என்றாள் அவள். பின்வரிசைக்குக் கேட்கிற மாதிரியே சொன்னாள். "நாற்காலி இருந்துச்சு, பாருங்க. அப்பா பாத்துட்டுத்தான் உக்காந்தாரு."

மேலாளரின் விரல் படத்தின் மேல் மெதுவாக நகர்ந்து ஓரத்துக்குப் போனது. "யாரோ இழுக்கிற மாதிரியில்ல இருக்கு. யாரு கைம்மா இது?"

"எனக்குத் தெரியாது சார். நான் அன்னிக்குச் சின்னப் பொண்ணு. சித்தப்பாவக் கேளுங்க. அவருதான் மேடையில அப்பாவுக்குப் பின்னாடி நின்னாரு."

அப்போதுதான் சித்தப்பா திரும்பினார். படத்தைப் பார்த்தார். அவர் பார்வை அப்பாவின் முகத்துக்குப் போகவே இல்லை.

"அந்த கஃபுக்குத் துணி பத்தல சார்" என்றாள் அம்மா. "நான்தான் வேற துணி வெச்சுத் தச்சேன். தம்பிக்கு ஞாபகம் இருக்கும்."

ஆலைக்காரர்கள் எழுந்து கிட்டே வரத் தொடங்கினார்கள். ஒருவர் தோளுக்கு மேல் ஒருவர் எட்டிப் பார்த்தார்கள். உதட்டைக் கடித்தவர்களும் பார்த்தார்கள். இப்போது யாரும் எதையும் அடக்கவில்லை, அடக்க ஒன்றும் இல்லை.

"அது வந்து... ஒரு விளையாட்டுக்கு..." என்றார் சித்தப்பா. "இப்படி ஆகும்னு யாருக்குத் தெரியும்? அண்ணி, ஒரு விளையாட்டுக்குத்தான்..."

அவரை யாரும் ஒன்றும் கேட்டிருக்கவில்லை. மேலாளர் அவர் பிடியிலிருந்து தன் கையை விடுவித்துக்கொண்டு, தடியை ஊன்றித் தானாகவே நடந்துபோய் உட்கார்ந்தார். அம்மா பெட்டிக்குள் குனிந்து, அப்பாவின் சட்டையில் காலையில் தைத்த பொத்தானைத் தடவிப் பார்த்துச் சரிசெய்தாள்.

"எல்லாரும் உக்காருங்க, ஆரம்பிச்சுடலாம்" என்று கூடத்துக்காரர் அறிவித்தார். நாற்காலிகள் இழுபடும் சத்தம் கேட்டு அடங்கியது. சித்தப்பா மட்டும் நின்றுகொண்டிருந்தார். முன்வரிசையில் தம்பிக்கென்று போட்டிருந்த நாற்காலி காலியாக இருந்தது.

அவள் போய் அதற்குப் பின்னால் நின்றாள். இரண்டு கைகளையும் அதன் முதுகின் மேல் வைத்தாள்.

"உக்காருங்க சித்தப்பா" என்றாள். "நாற்காலி இருக்கு."

கூடமே பார்த்துக்கொண்டிருந்தது. அவர் மெதுவாக வந்தார். நாற்காலிக்கு முதுகு காட்டி நின்றார். முழங்காலை மடக்கினார். பாதியில் நின்றுவிட்டார். அவருடைய வலது கை பின்னால் போய்க் காற்றில் நாற்காலியைத் தேடியது.

அவள் நாற்காலியை அசைக்கவில்லை.

அவர் நிமிர்ந்து, திரும்பி அவள் கைகளைப் பார்த்தார். மறுபடி முன்னால் திரும்பினார். மறுபடி குனிந்தார். மறுபடி அந்தக் கை பின்னால் போயிற்று.